டால்டன் சாலை நெடுக: உருகும் நிலத்தின் ஏழு நாள் கணக்கு

முதல் நாள்: ஃபாக்ஸ் சுரங்கம்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து வடக்கே 16 கிலோமீட்டர் போனால் ஃபாக்ஸ். குன்றின் அடிவாரத்தில் ஒரு கதவு. அது திறந்ததும் குளிருக்கு முன்னால் வாடை வந்து முகத்தில் அடிக்கிறது. ஊறிக் கிடந்த தோலும் பழைய சாணமும் கலந்த மாதிரி. உள்ளே இருக்கும் வேரும் இலையும் காட்டெருமை எலும்பும் சில இடங்களில் 40,000 ஆண்டுப் பழசு. அவை இன்னும் மட்கி முடியவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை, மூக்கே போதும்.

1963-இல் தொடங்கி 1969 வரை அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் தோண்டிய சுரங்கம் இது. முதலில் 110 மீட்டர். பின்னால் கிளைகள் சேர்ந்தன. முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. கோடையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நின்றால் சுவர் சேறாகிவிடும். தரையில் மாவு மாதிரி தூசி. சுவரில் உள்ள பனி உருகாமலே ஆவியாகிப் போக, வண்டல் மட்டும் பிடிப்பிழந்து உதிர்கிறது. சுவரைத் தொடக்கூடாது, கேமராவை முகத்தருகே வைத்து மூச்சு விடக்கூடாது. இரண்டுமே சுவரைக் கரைக்கும்.

தொடர்ந்து இரண்டு ஆண்டாவது பூஜ்ஜிய டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் தரைதான் பெர்மாஃப்ராஸ்ட். இனி இதை உறைநிலம் என்றே எழுதுகிறோம். அதற்கு மேலே கோடையில் உருகி குளிர்காலத்தில் மறுபடி உறையும் அடுக்கு ஒன்று உண்டு, அது உருகடுக்கு. செடியின் வேர் வாழ்வது அங்கேதான். வடதுருவ உறைநிலப் பகுதி மண்ணில் சுமார் 1,500 கிகாடன் (ஒரு கிகாடன் நூறு கோடி டன்) கார்பன் இருக்கிறது. காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

சுரங்கத்தில் நின்று பார்க்க வேண்டியது பனி ஆப்பு. குளிர்காலத்தில் தரை சுருங்கி மயிரிழை அளவுக்கு வெடிக்கிறது. வசந்தத்தில் உருகுநீர் அந்த வெடிப்பில் இறங்கி உறைகிறது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி வெடிப்பு. ஆயிரம் தடவை நடந்தால் மேலே அகலம், கீழே கூர் என்று ஆப்பு வடிவத்தில் மீட்டர் கணக்கில் பனி சேர்ந்துவிடும். யெடோமா என்ற பனியுக வண்டலில் கன அளவில் பாதிக்கு மேல் பனியாகவே இருக்கும். அந்தப் பனி போனால் தரை அதே அளவுக்கு உட்காரும். உட்கார்ந்த பள்ளத்தில் தண்ணீர் நிற்குமா, வடியுமா? இந்தப் பயணத்தில் ஒவ்வொரு இடத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். செடி எது வளரும், வாயு எது வரும் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இரண்டாம் நாள்: கோல்ட்ஸ்ட்ரீம் பள்ளத்தாக்கு

ஊருக்குப் பக்கத்திலேயே ஏரிகள். கரையில் கருப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள் தண்ணீரை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன, சில முழுக்க விழுந்து கிடக்கின்றன. 'குடிகார மரங்கள்' என்று இங்கே சொல்வார்கள். இவை பள்ளத்தில் மழைநீர் தேங்கி உண்டான ஏரிகள் அல்ல. பனி ஆப்பு உருகித் தரை உட்கார்ந்து, நின்ற நீர் இன்னும் வெயிலை வாங்கிக் கீழே உருக்கி, கரையைத் தின்று அகலமானவை. தெர்மோகார்ஸ்ட் ஏரி என்று பெயர்.

ஏரி ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்தைத் தாண்டியதும் குளிர்காலத்தில் அடிவரை உறையாது. அடியில் எப்போதும் திரவ நீர். அதன் கீழே உறைநிலம் ஆண்டு முழுக்க உருகிக்கொண்டே போகும். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் நுண்ணுயிர்கள் தருவது மீத்தேன். அது நீரில் கரைய நேரமின்றிக் குமிழியாக மேலே வருகிறது. வட சைபீரிய ஏரிகளில் கிடைத்த குமிழிகளைக் கார்பன் காலக்கணிப்பு செய்தபோது வயது 35,000 முதல் 43,000 ஆண்டு என்று வந்தது. நேற்றுச் சுரங்கத்தில் மணத்ததற்கும் இதற்கும் மூலப்பொருள் ஒன்றுதான்.

குமிழியை எண்ண நல்ல பருவம் அக்டோபர். புதுப் பனித்தட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். குமிழிகள் வெள்ளைத் தட்டுகளாக அடுக்கடுக்காக அதில் சிக்கியிருக்கும். வேகமாக ஊறும் இடங்களில் பனியே பிடிக்காமல் துளை திறந்து கிடக்கும். நடக்கும்போது ஆள் விழுவது இங்கேதான். மேலே மெல்லிய பனிப்பொருக்கு மூடியிருந்தால் துளை இருப்பதே தெரியாது. கம்பியால் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

கோடையில் எண்ண வேறு வழி: கவிழ்த்த குடை மாதிரி பிளாஸ்டிக் புனல், உச்சியில் தலைகீழாக நீர் நிரம்பிய பாட்டில், விளிம்பில் எடை. குமிழி ஏற ஏற பாட்டிலில் நீர் இறங்கும். தவறு நடப்பது மூன்று இடத்தில். நிறுவும்போதே பாட்டிலில் காற்று மாட்டிக்கொள்ளும். பாட்டிலை நாள்கணக்கில் விட்டுவைத்தால் மீத்தேன் மறுபடி நீரில் கரையும், அளவு குறைந்து தெரியும். மூன்றாவது, புனலை எங்கே வைப்பது என்பது. குமிழிகள் ஏரி முழுக்கச் சமமாக வருவதில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஊற்றுமேல் மட்டும் வைத்து அதை ஏரியின் பரப்பால் பெருக்கினால் கணக்கு எங்கோ போய்விடும்; ஊற்றை விட்டு வைத்தாலும் அப்படியே, எதிர்த் திசையில்.

மூன்றாம் நாள்: எய்ட் மைல் லேக், ஹீலி

வடக்கே போகும் டால்டன் சாலைக்கு எதிர்த்திசையில் ஒரு நாள் செலவு. பார்க்ஸ் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 180 கிலோமீட்டர், பிறகு ஸ்டாம்பீட் சாலை. ஆனாலும் இதைத் தவிர்க்கக்கூடாது. ஏனென்றால் 1985 முதல் ஆழ்துளையில் வெப்பநிலை அளக்கப்பட்ட சரிவு இது. ஒரே மலையடியில் குறைவாக உருகிய இடம், நடுத்தரம், மோசமாக உருகிய இடம் என மூன்றும் நடைதூரத்தில் கிடைக்கின்றன.

குறைவாக உருகிய இடத்தில் பஞ்சுக்கோரை முடிச்சு முடிச்சாக நிற்கிறது. இங்கே அதை டஸக் என்கிறார்கள். முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, தலை பெருத்து அடி சிறுத்த கட்டி. மேலே மிதித்தால் உருளும், நடுவில் மிதித்தால் தண்ணீர். ஒரு கட்டி நூறு வயதைத் தாண்டும். இடையில் பாசி, லைக்கன் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்), குள்ள பிர்ச், லிங்கன்பெர்ரி. நடுத்தரமாக உருகிய இடத்தில் செடிகள் கொழித்து நிற்கின்றன. உருகிய மண் நைட்ரஜனை விட்டுத்தருகிறது. மோசமாக உருகிய இடத்தில் நிலம் மேடும் பள்ளமுமாக உடைந்து கிடக்கிறது. பள்ளத்தில் நீர்ப்பாசி, மேட்டில் புதர்.

2009-இல் வெளியான அளவீடு இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தது. உருகத் தொடங்கிப் பதினைந்து ஆண்டளவில், நடுத்தர இடத்தில் செடி உறிஞ்சும் கார்பன் மண் விடுவதைவிட அதிகம். நிலம் பச்சையாகி லாபக் கணக்கு காட்டியது. இன்னும் பல ஆண்டு உருகிய இடத்தில் செடி அதே மாதிரி வளர்ந்தும் கணக்கு நட்டத்துக்குப் போனது. ஆழத்திலிருந்து பழைய கார்பன் வரத் தொடங்கியதுதான் காரணம். செடிக்கு உச்சவரம்பு உண்டு. ஆழத்தில் கிடக்கும் சேமிப்புக்கு அப்படி ஒரு வரம்பு சீக்கிரம் வராது. செயற்கைக்கோள் படத்தில் பசுமை கூடினால் கார்பனும் சேர்கிறது என்று எழுதுபவர்கள் இந்தச் சரிவில் ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

2008 முதல் இங்கே ஒரு சூடேற்றும் சோதனையும் நடக்கிறது. கருவி ஏதுமில்லை. 1.5 மீட்டர் உயரம், 8 மீட்டர் நீளத்துக்குத் தடுப்பு வேலி. குளிர்காலத்தில் காற்றின் மறைவுப் பக்கம் பனி குவியும். குவிந்த பனி கம்பளி மாதிரி தரையின் சூட்டைக் காக்கும். வசந்தத்தில் உருகுமுன் கூடுதல் பனியை ஆட்கள் மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறார்கள். இதை விட்டால் சோதனையே கெட்டது: உருகுநீர் கூடுதலாக இறங்கி, வித்தியாசம் சூட்டினாலா நீரினாலா என்று பிரிக்க முடியாது.

உருகடுக்கின் ஆழத்தை அளப்பது பார்க்க எளிது. 1 சென்டிமீட்டர் தடிமன், சென்டிமீட்டர் கோடுபோட்ட இரும்புக் கம்பி, மேலே 'டி' வடிவக் கைப்பிடி. செங்குத்தாகக் குத்தினால் உறைந்த இடத்தில் மந்தமாக நிற்கும். கல்லில் பட்டால் உரசலும் கிண் என்ற அதிர்வும் கைக்கு வரும். ஒரு கை தள்ளிக் குத்த வேண்டும். பாசியை அழுத்திவிட்டு அளந்தால் ஐந்து சென்டிமீட்டர் போச்சு. டஸக் தலையில் ஒருமுறை, நடுப்பள்ளத்தில் ஒருமுறை என்று மாற்றிக் குத்தினாலும் வீண். உருகடுக்கைக் கண்காணிக்கும் சுற்றுத்துருவ வலையமைப்பு 1991 முதல் பின்பற்றும் முறை: சதுரக் கட்டத்தில் 11-க்கு 11 என 121 புள்ளி, ஒவ்வொன்றிலும் இரண்டு குத்து, ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுவரை. அப்போதுதான் ஆழம் உச்சத்தில் இருக்கும்.

பெரிய ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: முதல் ஆண்டு 60 சென்டிமீட்டர், பத்து ஆண்டு கழித்து 65. ஐந்துதான் கூடியது என்று நிம்மதி. ஆனால் அந்தப் பத்தாண்டில் தரைமட்டமே 20 சென்டிமீட்டர் உட்கார்ந்திருந்தால் உறைநிலத்தின் மேல்விளிம்பு உண்மையில் 25 இறங்கியிருக்கிறது. கம்பி அளப்பது மேற்பரப்பிலிருந்து. அந்த மேற்பரப்பே நகர்கிறது. ஆழமாக நட்ட நிலையான குழாயை மட்டக்குறியாக வைத்து, துல்லிய ஜி.பி.எஸ் கருவியால் தரை உயரத்தையும் ஒவ்வோர் ஆண்டும் எடுக்காவிட்டால் இந்த எண்ணை நம்ப முடியாது.

நான்காம் நாள்: லிவன்குட் – கோல்ட்ஃபுட்

இன்று ஓட்டம்தான். ஃபேர்பேங்க்ஸிலிருந்து 135 கிலோமீட்டரில் லிவன்குட் அருகே டால்டன் தொடங்குகிறது. 414 மைல், அதாவது 666 கிலோமீட்டர், வடகோடியில் உள்ள டெட்ஹார்ஸ் வரை. 1974-இல் எண்ணெய்க் குழாய் வேலைக்காகப் போட்ட சாலை; கடைசி வரை பொதுமக்களுக்குத் திறந்தது 1994-இல். பெரும்பாலும் சரளை. வாடகைக்கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்கட்டும், பல நிறுவனங்கள் இந்தச் சாலையைத் தடைசெய்திருக்கின்றன. இரண்டு முழு ஸ்டெப்னி, லாரிக்காரர்களோடு பேச சி.பி. ரேடியோ, லாரி வந்தால் ஒதுங்கி வேகம் குறைக்கும் பொறுமை. யூகான் ஆற்றுப் பாலத்தருகே பெட்ரோல், பிறகு 175-ஆம் மைல் கோல்ட்ஃபுட்டில். அதற்கப்புறம் 240 மைலுக்கு எதுவும் இல்லை.

கூடவே வரும் எண்ணெய்க் குழாய், உறைநிலத்தைப் பற்றிய பாடப்புத்தகம். 800 மைல் நீளத்தில் பாதிக்கு மேல் தூண்களில் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. காரணம், சூடான எண்ணெய் புதைகுழாயில் போனால் சுற்றியுள்ள பனிமண்ணை உருக்கி, குழாய் வளைந்து உடையும். தூண்களின் உச்சியில் தெரியும் அலுமினியத் துடுப்புகள் வெப்பக் குழாய்கள். உள்ளே அம்மோனியா. குளிர்காலத்தில் அடியில் இருக்கும் மண் காற்றைவிடச் சூடு. அம்மோனியா அங்கே ஆவியாகி மேலே வந்து, துடுப்பில் சூட்டை விட்டுக் குளிர்ந்து திரவமாக வழிந்து இறங்குகிறது. கோடையில் மேலே சூடு, கீழே குளிர். சுழற்சி தானாக நின்றுவிடும். மின்சாரம் வேண்டாம், பம்பு வேண்டாம். ஒரே நிபந்தனை, குளிர்காலம் குளிர்காலமாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: கோல்ட்ஃபுட் – அடிகன் கணவாய் – டூலிக்

219-ஆம் மைல்கல் அருகே வலப்பக்கச் சரிவைக் கவனியுங்கள். மண், கல், பனி, மரம் எல்லாம் சேர்ந்து நாக்கு மாதிரி இறங்கிவரும் மேடு. உறைந்த இடிபாட்டு நாக்கு. பெயரளவில் உறைந்தது, ஆண்டுக்குச் சில மீட்டர் நகர்கிறது. 2018-இல் சாலையையே இதற்கு வழிவிட்டுத் தள்ளிப் போட்டார்கள். பழைய தடம் இன்னும் தெரிகிறது. இதன்மேல் நிற்கும் மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் எங்கே நகர்கிறது, எங்கே வெடிக்கிறது என்று படிக்கலாம்.

235-ஆம் மைல் சுற்றுவட்டாரத்தோடு ஸ்ப்ரூஸ் முடிந்துவிட்டது. 244-இல் அடிகன் கணவாய், 1,444 மீட்டர். ஆகஸ்ட் கடைசியிலேயே மேலே பனிப்பொழிவு இருக்கலாம். தாண்டி இறங்கினால் வடசரிவு. மரமே இல்லாத டன்ட்ரா. குள்ள பிர்ச் சிவப்பாகவும் வில்லோ மஞ்சளாகவும் மாறியிருக்கும் பருவம். பள்ளங்களும் ஓடையோரங்களும் புதர் அடர்ந்த கோடுகளாகத் தெரிகின்றன. 1940-களின் கடைசியில் எண்ணெய் தேடலுக்காக எடுத்த வான்படங்களை ஐம்பதாண்டு கழித்து அதே இடத்திலிருந்து எடுத்த படங்களோடு ஒப்பிட்டார்கள். ஆல்டர், வில்லோ, பிர்ச் புதர்கள் பரவியது தெளிவாகத் தெரிந்தது.

புதர் வந்தால் உறைநிலத்துக்கு நல்லதா கெட்டதா? இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள், இரண்டு பேர் சொல்வதும் சரி. குளிர்காலத்தில் புதர் காற்றில் ஓடும் பனியைப் பிடித்து நிறுத்துகிறது. தடித்த பனி, சூடான மண், குளிர்காலத்திலும் ஓயாத நுண்ணுயிர், வசந்தத்தில் அதிக நைட்ரஜன், இன்னும் அதிகப் புதர். கோடையில் அதே புதர் நிழல் தருகிறது. வடகிழக்கு சைபீரியாவில் குள்ள பிர்ச்சை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள்: வெட்டிய இடத்தில் உருகடுக்கு ஆழமானது, சில ஆண்டில் தரை உட்கார்ந்து நீர் தேங்கி, மீத்தேனை விழுங்கிவந்த நிலம் மீத்தேனை விடும் நிலமானது. ஆக, எவ்வளவு பனி விழுகிறது, காற்று எவ்வளவு, புதரின் உயரம் என்ன என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் 'புதர் சூடாக்கும்' என்றோ 'குளிர்விக்கும்' என்றோ ஒரே வரியில் முடிப்பது அரைகுறைப் பேச்சு.

ஆறாம் நாள்: டூலிக்

284-ஆம் மைல். அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தின் கள நிலையம், 1975 முதல். ஏரிக்கரையில் நடைபலகைகள் நாலாபக்கமும் ஓடுகின்றன. பலகையை விட்டு இறங்கக்கூடாது என்பது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதல்ல. ஈரமண்ணில் ஓர் ஆள் மிதித்தால் அடியில் தேங்கிய மீத்தேன் குமிழியாகப் பீறிடும். அன்றைய அளவீடு கெட்டது. பாசி நசுங்கிய தடம் பல ஆண்டு மாறாது, அந்தத் தடத்தில் உருகடுக்கும் ஆழமாகிவிடும்.

இங்குள்ள பழைய சோதனை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1981 முதல் டஸக் டன்ட்ராவில் ஆண்டுதோறும் சதுர மீட்டருக்கு 10 கிராம் நைட்ரஜன், 5 கிராம் பாஸ்பரஸ் போட்டார்கள். உருகும் மண் மெல்ல மெல்லத் தரக்கூடிய உரத்தை அள்ளிக் கொடுத்தால் என்னாகும் என்று பார்க்க. குள்ள பிர்ச் மற்றதையெல்லாம் மூடிவிட்டது. பாசியும் லைக்கனும் ஒழிந்தன. தரைக்கு மேல் வளர்ச்சி இரு மடங்கு. இருபது ஆண்டு முடிவில் தோண்டி மொத்தக் கார்பனைக் கூட்டினால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2,000 கிராம் குறைந்திருந்தது. மேலே சேர்ந்ததைவிடக் கீழே ஆழ அடுக்கிலிருந்து போனது அதிகம். இதற்கு எதிர்ச்சான்றும் இதே டூலிக்கில் உண்டு: 1989-இல் தொடங்கி இருபதாண்டு கோடையில் பிளாஸ்டிக் கூண்டு வைத்துச் சூடேற்றிய இடத்தில் புதர் பெருகியும் மண்ணின் மொத்தக் கார்பனில் மாற்றம் காணவில்லை. உரமும் சூடும் ஒன்றல்ல. முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

வாயு அளக்கும் முறை. 60-க்கு 60 சென்டிமீட்டர், 40 உயரம், நிறமற்ற அக்ரிலிக் பெட்டி. உள்ளே சின்ன விசிறி, குழாய் வழியாக வாயு ஆய்வுக்கருவி. சமதரையில் மண்ணுக்குள் வளையம் பதித்து அதன்மேல் பெட்டியை வைப்பார்கள். வளையத்தை ரம்பக் கத்தியால் சுற்றி வெட்டி இறக்க வேண்டும், அடித்து இறக்கினால் பாசி குலைந்துபோகும். வெட்டுப்பட்ட வேர் சில நாள் கூடுதலாக வாயு விடும் என்பதால், பதித்த அன்றே அளப்பது வீண். ஒரு பருவம் முன்னாலேயே பதித்தால் உத்தமம். டஸக் நிலத்தில் வளையம் உட்காரவே உட்காராது. அங்கே நாலு கால் நட்ட சட்டத்தின்மேல் பெட்டி. சட்டத்திலிருந்து பாலித்தீன் பாவாடை தொங்கும். அதன் விளிம்பில் கனத்த இரும்புச் சங்கிலியைச் சுற்றிப் போட்டுப் பாசிக்குள் அழுத்தினால் காற்றுப் புகாது. புகுகிறதா என்று பார்க்க வழி, பெட்டியின் ஓரத்தில் மூச்சு விடுங்கள். கருவியில் எண் துள்ளினால் ஓட்டை.

கார்பன் டை ஆக்சைடை அளப்பது இப்படி: வெயிலில் ஒருமுறை, கொசுவலைத் துணி ஓரடுக்கு, ஈரடுக்கு, மூவடுக்கு போட்டு மூன்றுமுறை, கருப்புத் துணியால் முழுக்க மூடி ஒருமுறை. கருப்பில் வருவது செடியும் மண்ணும் சேர்ந்து விடும் மூச்சு. வெயிலில் வருவது நிகரம். இரண்டின் வித்தியாசம் ஒளிச்சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நீட்டினால் உள்ளே சூடேறும், ஈரம் கண்ணாடியில் படியும், செடி மூச்சை அடக்கும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் பெட்டியைத் தூக்கிக் காற்றாட விட வேண்டும்.

கணக்கில் சறுக்கும் இடம் இரண்டு. பெட்டியின் கன அளவு 0.144 கனமீட்டர். 10 டிகிரியில் கடல்மட்ட அழுத்தம் என்று எடுத்தால் உள்ளே 6.2 மோல் காற்று. டூலிக் 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அழுத்தம் சுமார் 93 கிலோபாஸ்கல், காற்று 5.7 மோல்தான். கார்பன் டை ஆக்சைடு நொடிக்கு 0.1 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைந்தால் பாய்வு சதுர மீட்டருக்கு நொடிக்கு 1.58 மைக்ரோமோல்; கடல்மட்டக் கணக்கில் 1.72. ஒன்பது சதவீதம் சும்மா கூடிவிட்டது. இரண்டாவது, டஸக் பெட்டிக்குள் அடைக்கும் இடம். சட்டத்திலிருந்து தரைவரை குறைந்தது 16 புள்ளியில் ஆழம் அளந்து சராசரி எடுக்காவிட்டால், பத்து சென்டிமீட்டர் தவறுக்குக் கன அளவில் கால்பங்கு போகும்.

மீத்தேனுக்கு ஒரு நிமிடம் போதாது. லேசர் கருவி இல்லாதவர்கள் சிரிஞ்சால் 0, 5, 10, 15, 20 நிமிடத்தில் உறிஞ்சி மூடிய குப்பியில் அடைப்பார்கள். ஐந்து புள்ளியும் நேர்கோட்டில் ஏறினால் நல்லது. நடுவில் படி மாதிரி ஒரே தாவு தாவினால் குமிழி; இயற்கையாக வந்ததா, வைத்தவர் கால் பட்டு வந்ததா என்று குறிப்பேட்டைப் பார்த்துத்தான் முடிவு. முதல் புள்ளியே உயர்ந்திருந்தால் பெட்டியை வைத்த அழுத்தத்தில் வந்தது. அந்தத் தொகுதியைத் தூக்கிப் போடுங்கள்.

இங்கிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் 2007-இல் அனக்டுவுக் ஆற்றுத் தீ. சாலை கிடையாது, ஹெலிகாப்டர்தான். ஜூலையில் மின்னலால் பற்றியது, இலையுதிர்காலம் வரை எரிந்து 1,039 சதுர கிலோமீட்டரைச் சாப்பிட்டது. வெளியேறிய கார்பன் சுமார் 2.1 மில்லியன் டன். எரிந்தது அதோடு போகட்டும் என்றால், பாசிப் போர்வை போன கருத்த தரையில் வெயில் நேராக இறங்கி, அடுத்த ஆண்டுகளில் பனி ஆப்புகள் உருகிப் பள்ளம் விழுந்தது. அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் 2024 ஆர்க்டிக் அறிக்கை, தீயையும் சேர்த்துக் கணக்கிட்டால் டன்ட்ரா இப்போது கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும் நிலமாகிவிட்டது என்று சொன்னது. 'தீயையும் சேர்த்து' என்ற சொல்லை விட்டுவிட்டு அதை எடுத்தாளுவது தவறு.

ஏழாம் நாள்: டெட்ஹார்ஸ்

414-ஆம் மைல். தட்டையான நிலம், மேலிருந்து பார்த்தால் தேன்கூடு. பத்து முதல் முப்பது மீட்டர் அகலப் பலகோணங்கள், ஒவ்வொன்றின் எல்லையிலும் அடியில் பனி ஆப்பு. உறைநிலம் இங்கே 600 மீட்டருக்கும் கீழே போகிறது. 20 மீட்டர் ஆழத்தில்கூடக் கடந்த நாற்பதாண்டில் 2 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கிறது. ஆனாலும் இன்னும் பூஜ்ஜியத்துக்கு நன்றாகக் கீழேதான். 'அவ்வளவு குளிர்ந்த நிலம் உருகாது' என்று நினைப்பவர்கள் ஆப்பின் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது உருகடுக்குக்குச் சில அங்குலம் கீழே. ஒரு சூடான, மழை மிகுந்த கோடை போதும்.

ஆப்பின் தலை உருகினால் எல்லைக்கோடு பள்ளமாகி நீர் நிற்கும். பலகோணத்தின் நடு மேடாகி உலரும். மேட்டில் லைக்கனும் குறும்புதரும், அங்கே ஆக்சிஜன் புகுந்து கார்பன் டை ஆக்சைடு. பள்ளத்தில் நீர்க்கோரை, பஞ்சுக்கோரை, அங்கே மீத்தேன். கோரையின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள். வேருக்கு ஆக்சிஜன் இறக்கும் குழாய் அது. அதே குழாய் வழியாக அடிச்சேற்று மீத்தேன் மேலே ஏறி, வழியில் அதை உண்ணும் பாக்டீரியா வாழும் மேலடுக்கைத் தொடாமலே காற்றுக்குப் போய்விடுகிறது. அதனால் நீர் நின்ற இடம் எல்லாம் ஒன்றல்ல. கோரை உள்ள குட்டையையும் கோரையற்ற குட்டையையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பள்ளம் முடிவில்லாமல் ஆழமாகிக்கொண்டே போவதும் இல்லை. குட்டையில் பாசியும் கோரையும் நிறைந்து, மட்கு படிந்து, ஆப்பின் மேல் மறுபடி போர்வை விரித்து உருகலை நிறுத்திவிடுகின்றன. பக்கத்தில் உள்ள புருடோ விரிகுடாவில் 1990-களில் உருகல் வேகமெடுத்த பல பள்ளங்கள் பின்னால் இப்படித் தணிந்திருக்கின்றன. இந்தக் குணமாதல் நடக்காத இடம் சாலையோரம். லாரி கிளப்பும் தூசி பாசியை மூடிக் கொல்கிறது; பனியைக் கருப்பாக்கி வசந்தத்தில் முன்கூட்டியே உருக்குகிறது; ஒன்றரை மீட்டர் உயரச் சரளைமேடு நீரோட்டத்தைத் தடுத்து ஒரு பக்கம் குளமாக்குகிறது. ஒப்பீட்டுக்கு மாதிரி எடுப்பவர்கள் சாலையிலிருந்து நன்றாக விலகி நடக்க வேண்டும். காரை நிறுத்திய இடத்திலேயே குத்திப் பார்த்து 'வடசரிவு உருகுகிறது' என்று எழுதினால் அளந்தது சாலையைத்தான்.

உலர்ந்ததா நனைந்ததா, எது மோசம்? ஆய்வகச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காற்றுள்ள மண் காற்றற்ற மண்ணைவிட 3.4 மடங்கு கார்பன் விட்டது. மீத்தேனின் கூடுதல் வீரியத்தைச் சேர்த்தும் காற்றுள்ள மண்ணே முன்னால். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு, இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு சூடேற்றும். ஏழாண்டு வரை நீட்டித்த சோதனையோ வேறு விடை தந்தது: மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிர்கள் பழைய மண்ணில் குடியேறவே ஆண்டுகள் பிடிக்கின்றன, குடியேறியபின் நனைந்த மண் முந்துகிறது. குறுகியகாலப் புட்டிச் சோதனையை வைத்து ஈரநிலத்தை மன்னித்துவிடக்கூடாது.

கடைசியாக, எல்லோரும் கிளம்பிப்போன பிறகு நடப்பது. செப்டம்பரில் காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். உருகடுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் உறையத் தொடங்கும், நடுவில் ஓரடுக்கு வாரக்கணக்கில், சில இடத்தில் மாதக்கணக்கில் சரியாகப் பூஜ்ஜியத்தில் நிற்கும். நீர் உறையும்போது விடும் வெப்பமே அதை உறையவிடாமல் பிடித்துவைக்கிறது. பனிக்கு அடியில் அந்த அடுக்கில் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்துவதில்லை. வடசரிவில் வாயு அளக்கும் கோபுரங்களில் ஆண்டு முழுக்க அளந்தபோது மீத்தேனில் பாதிக்குமேல் செப்டம்பர் முதல் மே வரையான குளிர்மாதங்களில் வந்திருந்தது. ஜூலையில் வந்து ஆகஸ்டில் திரும்புகிறவர்களின் நிகரக் கணக்கில் இந்தப் பாதி இருக்காது.

எனவே குளிர்காலத்துக்கு விட்டுப்போகும் கருவிகளுக்கு: சாதாரண அல்கலைன் பேட்டரி இங்கே செத்துவிடும், லித்தியம் போடுங்கள். பதிவுப்பெட்டியைப் பனி மூடாத உயரத்தில் கட்டுங்கள். தரையோடு ஓடும் வெப்பமானி வயரை உலோகக் குழாய்க்குள் விடுங்கள். தரை அணில் ஒரே இரவில் கடித்துத் துண்டாக்கும். பதித்த வளையங்களில் மேலே தூக்கிக்கொண்டு நிற்பவற்றை இப்போதே பிடுங்கிவிடுங்கள். உறைதல் அவற்றை ஆண்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே தள்ளும். தள்ளியதை அடுத்த ஜூனில் காலால் மிதித்து இறக்கினால் பாசி அறுந்து, அந்தப் பருவம் முழுக்க அந்த இடத்தின் எண் கெட்டுப்போகும். மீதி வளையங்களின் விளிம்பு தரைக்குமேல் எவ்வளவு நிற்கிறது என்று நாலு பக்கமும் அளந்து எழுதிவைத்துவிட்டுக் கிளம்பலாம்.